முப்பது பேருக்கு ஒரு மேனிகின்: சான்றிதழில் கையெழுத்திடலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தென் மாவட்டம் ஒன்றிலுள்ள மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறை உதவிப் பேராசிரியராகப் பணியாற்றும் ஒருவர், பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் அவருடைய கல்லூரியில் 150 மாணவர்கள் ஹவுஸ் சர்ஜன்களாக, அதாவது பயிற்சி மருத்துவர்களாக, பொறுப்பேற்கிறார்கள். அதற்கு முன் அவர்கள் அனைவருக்கும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை, அதாவது பி.எல்.எஸ். பயிற்சியை, அளிக்கும் பொறுப்பு அவருடைய துறைக்கு வந்திருக்கிறது. துறைத் தலைவர் வகுத்துள்ள திட்டப்படி எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் கலையரங்கில் இரண்டு மணி நேர விரிவுரை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து மணி வரை ஐந்து மேனிகின்களை (நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான மனித உருவ பொம்மைகளை) சுற்றி முப்பது முப்பது பேராக நின்று பயிற்சி, மாலையில் சான்றிதழ். பயிற்றுநர் தகுதி உள்ளவர்கள் வாசகியையும் சேர்த்து நால்வர். முதுநிலை மாணவர் எட்டுப் பேர் உதவிக்கு இருக்கிறார்கள்.

மூன்று மாணவருக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று வாசகி கேட்டிருக்கிறார். அது நடக்கிற காரியமில்லை என்று பதில் வந்திருக்கிறது. அதோடு, 2014-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வைச் சுட்டிக்காட்டி, "எட்டுப் பேர் குழுவும் மூன்று பேர் குழுவும் ஒரே அளவில்தான் தேறுகின்றன, அப்படியிருக்க எண்ணிக்கையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?" என்றும் துறைத் தலைவர் கேட்டிருக்கிறார். வாசகி அறிய விரும்புபவை மூன்று. சரியான குழு அளவு எது? அந்த ஆய்வு உண்மையில் என்ன சொல்கிறது? சான்றிதழில் கையெழுத்திட மறுக்க அவருக்கு உரிமை உண்டா? கடிதத்தின் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: "இப்படிக் கற்ற பிள்ளைகள் நள்ளிரவில் வார்டில் தனியாக நிற்கும்போது ஓர் உயிர் போனால், அந்தப் பழி என்னைச் சேராதா?"

அன்புள்ள டாக்டர்,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் மனத்தில் இருக்கும்வரை மற்ற எதையும் நிதானமாக எடைபோட முடியாது. இதயம் நின்றுபோன ஒருவருக்கு எவரும் நெஞ்சை அழுத்தவில்லை என்றால் முடிவு என்ன என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆழம் சற்றுக் குறைந்த, தாளம் சற்றுத் தப்பிய அழுத்தம்கூட அழுத்தமே இல்லாததைவிட மேலானது. அரைகுறையாகக் கற்ற ஹவுஸ் சர்ஜனால் வரும் கேட்டைவிட, தவறு செய்துவிடுவோமோ என்று தயங்கி, சீனியர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஹவுஸ் சர்ஜனால் வரும் கேடு பெரிது. ஆகவே உங்கள் அச்சத்தை மாணவர்களிடம் கடத்திவிடாதீர்கள். வார்டில் நள்ளிரவில் ஒருவர் தனியாக நிற்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கச் செய்வதும் நிறுவனத்தின் கடமை. உங்கள் பங்கு அதைவிடச் சிறியது, ஆனால் தெளிவானது: ஒவ்வொரு மாணவரின் கையும் போதுமான நேரம் மேனிகினின் நெஞ்சின்மீது இருந்ததா, அப்போது யாராவது பார்த்துத் திருத்தினார்களா என்பதுதான் அது. குழுவின் அளவு பற்றிய கேள்வி முழுவதையும் இந்த ஒன்றை வைத்தே பார்க்கப் போகிறேன்.

அந்த ஆய்வு சொல்வதும், சொல்லாமல் விட்டதும்

உங்கள் துறைத் தலைவர் குறிப்பிடுவது டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு என்று நினைக்கிறேன். 74 மருத்துவ மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பயிற்றுநருக்கு மூவர், ஐவர், எண்மர் என்று மூன்று வகைக் குழுக்களாக்கி பி.எல்.எஸ். கற்பித்தார்கள். பயிற்சிக்கு முன்பும் பின்பும் தேர்வு வைத்தார்கள். வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து, யார் எவ்வளவு நேரம் மேனிகினைத் தொட்டார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை வேறு பேச்சுக்குப் போனார் என்பதையெல்லாம் எண்ணினார்கள். முடிவில் தேர்ச்சி விகிதம் மூவர் குழுக்களில் 93 சதவீதம், மற்ற இரண்டிலும் 100 சதவீதம். உங்கள் துறைத் தலைவர் சொன்னது இந்த அளவில் சரி. அவர் பொய்யாக எதையும் காட்டவில்லை என்பதை நீங்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வின் அமைப்பிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. குழு பெரிதாகப் பெரிதாக வகுப்பின் நேரத்தையும் நீட்டினார்கள். எந்தக் குழுவில் இருந்தாலும் ஒரு மாணவருக்கு ஆறு நிமிடச் செய்முறை நேரம் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். அதாவது, நேரம் தலைக்கு இவ்வளவு என்று காக்கப்பட்டிருந்தால் எட்டுப் பேர் குழுவும் தேறும் என்பதே அங்கே கிடைத்த விடை. நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்று அவர்கள் சோதிக்கவில்லை. உங்கள் கல்லூரித் திட்டம் செய்வதோ இந்த இரண்டாவதை.

இன்னும் கவனிக்க வேண்டியது, ஆறு நிமிடம் என்று திட்டமிட்டும் மாணவர் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது. இடைநிலை அளவாக, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணாகச் சொன்னால், மூவர் குழுவில் 4 நிமிடம் 7 வினாடி, எண்மர் குழுவில் 2 நிமிடம் 16 வினாடி. நேரத்தை நீட்டிக் கொடுத்தும் பெரிய குழு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. இடம் மாறுவது, முறை வருவதற்குக் காத்திருப்பது, பேச்சு என்று நிமிடங்கள் கரைந்திருக்க வேண்டும். மூவர் குழுக்களில் கேட்கப்பட்ட கேள்விகளின் இடைநிலை அளவு 3, எண்மர் குழுக்களில் அரை. பயிற்சிக்குத் தொடர்பில்லாத பேச்சு மூவர் குழுக்களில் சராசரியாக 3 முறைக்கும் குறைவு, எண்மர் குழுக்களில் 17 முறை. நீண்ட வகுப்பில் வெட்டிப் பேச்சு கூடுவது இயல்புதான் என்று யாராவது வாதிட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நம் ஸ்கில் லேப்களில் பின்வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தவர் எவருக்கும் அந்த எண் வியப்பளிக்காது.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். சரிபார்ப்புப் பட்டியலை வைத்துப் பயிற்சிக்குப் பின் நடத்தும் தேர்வில், மற்றவர் செய்வதைப் பார்த்தே வரிசையைக் கற்றுக்கொண்ட மாணவரும் தேறிவிடுவார். அழைத்துப் பார்த்தாரா, உதவிக்குக் குரல் கொடுத்தாரா, கையைச் சரியான இடத்தில் வைத்தாரா என்பவை பார்த்தே கற்கக்கூடியவை. ஆகவே காத்திருப்பவரின் நேரம் முழுவதும் வீண் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு அழுத்தத்திற்குப் பிறகும் நெஞ்சை முழுமையாக மேலெழ விடுவது ஆகியவற்றைக் கண்ணால் கற்க முடியாது. அவை தோளுக்கும் முழங்கைக்கும் இடுப்புக்கும் பழக வேண்டியவை. மாதங்கள் கழித்து அந்தப் பழக்கம் நிலைத்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வி அல்ல. ஆய்வாளர்களே தம் முடிவை எட்டுப் பேர் வரை என்றுதான் வரையறுத்தார்கள். சிக்கலான திறன்களுக்கும், அனுபவம் குறைந்த மாணவர்களுக்கும் சிறிய குழுவே முக்கியமாகலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். எட்டிலிருந்து முப்பதுக்குத் தாவ அந்த ஆய்வில் பாலம் இல்லை.

உங்கள் கோரிக்கையிலும் ஒரு பிழை உண்டு

மூவர் குழு என்ற ஒன்றையே நீங்கள் பிடித்துக்கொண்டது, துறைத் தலைவருக்கு எளிதாக மறுப்புச் சொல்லும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டது. சிறியது எப்போதும் நல்லது என்பதும் உண்மையல்ல. மருந்தும் மின்னதிர்ச்சியும் சேர்ந்த அட்வான்ஸ்டு உயிர்காப்புப் பயிற்சிக்கு வாருங்கள். நெஞ்சை அழுத்த ஒருவர், இரண்டு நிமிடத்தில் அவரை மாற்ற ஒருவர், சுவாசப் பாதைக்கும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்குக்கும் ஒருவர், டிஃபிப்ரிலேட்டருக்கு ஒருவர், ஊசி போட்டு 3 முதல் 5 நிமிடத்திற்கு ஒருமுறை 1 மி.கி. அட்ரினலின் செலுத்த ஒருவர், நேரம் பார்த்து வழிநடத்த ஒருவர் என்று ஆறு பேர் இல்லாமல் ஒரு முழுமையான மீட்புக் குழுவை நடித்துக்கூடப் பார்க்க முடியாது. மூன்று பேரை வைத்து அந்தப் பயிற்சியை நடத்தினால், வார்டில் நடக்கும் குழப்பத்திற்கு அவர்கள் தயாராகவே மாட்டார்கள். யாரும் யாருக்கும் பெயர் சொல்லி வேலை கொடுக்காமல் நான்கு பேர் ஒரே சிரிஞ்சைத் தேடும் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பி.எல்.எஸ்.-ஸுக்கு மூன்று என்ற எண் வேறு காரணத்தால் பொருத்தமானது. ஒரு மேனிகினைச் சுற்றிச் செய்வதற்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒருவர் அழுத்துகிறார், ஒருவர் முகமூடியையும் ஆம்பு பேக்கையும் பிடிக்கிறார், மூன்றாமவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்ற கணக்கையும் பத்து வினாடிக்கு மேல் அழுத்தம் நிற்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்கிறார். நான்காமவர் வந்தால் அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர் பேசுவார், அல்லது கைபேசியை எடுப்பார். ஆகவே காக்க வேண்டிய விகிதம் மேனிகினுக்கு மூவர் என்பது. பயிற்றுநருக்கு மூவர் என்பது கட்டாயமில்லை. மிருதங்க வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் ஒரு வாத்தியம் இருப்பதால்தான் வகுப்பு நடக்கிறது. அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். வகுப்புகளிலும் ஒரு பயிற்றுநர், இரண்டு மேனிகின், ஆறு மாணவர் என்ற அமைப்பையே உகந்ததாக வைத்திருக்கிறார்கள்.

துறைத் தலைவரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய கணக்கு

அவருடைய திட்டத்தில் பிற்பகல் 180 நிமிடம், ஒரு மேனிகினுக்கு 30 மாணவர், எனவே தலைக்கு ஆறு நிமிடம். தற்செயலாக இது டூபிங்கன் திட்டத்தின் அதே ஆறு நிமிடம், அதனால் அவர் அதையே உங்களிடம் வாதமாக வைக்கவும் கூடும். எட்டுப் பேர் சுற்றி நின்றபோதே அந்த ஆறு இரண்டேகாலாகச் சுருங்கியது என்பதை அப்போது நினைவூட்டுங்கள். முப்பது பேர் நிற்கும் இடத்தில் செய்துகாட்டலுக்கும் இடம் மாறுவதற்கும் போக ஒரு மாணவருக்கு ஒரு முழு இரண்டு நிமிடச் சுற்றாவது கிடைக்குமா என்பதே ஐயம். மூன்றாம் வரிசையில் நிற்பவருக்கு மேனிகின் கண்ணிலேயே படாது.

இப்போது மாற்றுத் திட்டத்தைப் பாருங்கள். ஆறு மாணவர், இரண்டு மேனிகின், ஒரு பயிற்றுநர், இரண்டாவது மேனிகினுக்கு அருகில் ஒரு முதுநிலை மாணவர். வகுப்பு 90 நிமிடம். அதில் 20 நிமிடம் செய்துகாட்டல், 60 நிமிடம் பயிற்சி, 10 நிமிடம் கேள்விக்கும் குறிப்பு எழுதுவதற்கும். ஒரு மேனிகினில் மூவர் என்பதால் ஒருவருக்கு 20 நிமிடம். 150 மாணவருக்கு 25 வகுப்புகள், அதாவது 37 மணி நேரத்திற்குச் சற்று மேல். நான்கு பயிற்றுநர்கள் பகிர்ந்தால் ஒருவருக்கு ஒன்பதரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். துறைத் தலைவரின் திட்டத்தில் இதே நால்வரும் இரண்டு மணி நேர விரிவுரையைப் பகிர்ந்துகொண்டால், பிற்பகலும் சேர்த்துத் தலைக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே நீங்கள் கேட்கப்போவது ஒரு பயிற்றுநருக்கு ஆறு மணி நேரம் கூடுதல், அவ்வளவே. விரிவுரையை விட்டுவிடலாம். மாணவர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டு வரும்படி ஒரு வீடியோவாக அனுப்பிவிட்டால் போதும்.

நீங்கள் முதலில் கேட்ட மூவர் குழுவை இதே அளவுகோலில் போட்டால், 50 வகுப்புகள், 75 மணி நேரம். அது நடக்காது என்று அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எண்மர் குழுவைப் போட்டாலும் சுவையான ஒன்று தெரியும். ஒருவருக்கு 20 நிமிடம் என்பதைக் குறைக்காமல் இரண்டு மேனிகின்களில் எட்டுப் பேரைப் பயிற்றுவிக்க 110 நிமிடம் ஆகும். 19 வகுப்புகள் தேவை. மொத்தம் ஏறக்குறைய 35 மணி நேரம். ஆறு பேர் குழுவோடு ஒப்பிட்டால் நான்கு பயிற்றுநர்களுக்கும் சேர்த்து மிச்சமாவது மூன்று மணி நேரம்கூட இல்லை. குழுவைப் பெரிதாக்கி நேரம் மிச்சம் பிடித்தோம் என்று யார் சொன்னாலும், பெரும்பாலும் அந்த மிச்சம் மாணவரின் கையிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். இந்த ஒரு வரியைத் துறைத் தலைவரிடம் கோபமில்லாமல் எண்களோடு சொன்னால், அறுவை அரங்கப் பட்டியலையும் இரவுப் பணியையும் ஒருசேரச் சமாளிக்கும் அந்த மனிதர் கேட்காமல் போகமாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் அலட்சியமானவர் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அவரிடம் இருப்பது ஒரு நாள்காட்டிச் சிக்கலாகவும் இருக்கலாம்.

இரண்டு குழுக்களை ஒரே நேரத்தில் நடத்தினால் நான்கு மேனிகின்கள் போதும், ஐந்தாவது பழுதுக்கு மாற்றாக இருக்கும். ஒரு பிற்பகலில் இரண்டு சுற்று, அதாவது 24 மாணவர். ஆறு பிற்பகல்களில் 144 பேர் முடிந்துவிடுவார்கள். ஏழாவது பிற்பகலில் எஞ்சிய ஆறு பேரோடு, வராதவர்களையும் மறுமுறை தேவைப்படுபவர்களையும் அழைத்துக்கொள்ளலாம்.

பயிற்றும் முறை பற்றிச் சில

பல உயிர்காப்புப் பயிற்சிகளில் பின்பற்றப்படும் பெய்ட்டனின் நான்கு படிகள் உங்களுக்குத் தெரியும்: பேசாமல் இயல்பான வேகத்தில் செய்துகாட்டுவது, விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்துகாட்டுவது, மாணவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்வது, மாணவரே சொல்லிக்கொண்டு செய்வது. இது ஒரு பயிற்றுநர், ஒரு மாணவர் என்ற நிலைக்கு எழுதப்பட்டது. குழுவில் மூன்றாம் படி சிக்கிக்கொள்ளும், ஏனென்றால் துணிச்சலான ஒரே மாணவர் பேச மற்றவர் தலையாட்டுவர். ஆறு பேர் குழுவில் அதைச் சற்று மாற்றி, ஒரு மாணவர் சொல்ல அடுத்தவர் செய்ய, பிறகு அவர் சொல்ல மூன்றாமவர் செய்ய என்று சங்கிலியாக்குங்கள். அப்போது ஒவ்வொருவரும் ஒருமுறை வாயாலும் ஒருமுறை கையாலும் அந்த வரிசையைக் கடந்திருப்பார்.

முதுநிலை மாணவர்களைப் பயிற்றுநராக்கத் தயங்க வேண்டாம். பர்மிங்ஹாம் மருத்துவப் பள்ளியில் சீனியர் மாணவர்களே ஜூனியர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி அளித்ததை ஒப்பீட்டு ஆய்வாகச் செய்து பார்த்தார்கள். அப்படிக் கற்றவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் அவர்களை நேரடியாக வகுப்பில் இறக்கிவிடாதீர்கள். உங்கள் எட்டுப் பேரையும் முதலில் மேனிகினில் அழுத்தச் சொல்லிப் பாருங்கள். முழங்கையை மடக்கியும், நெஞ்சை முழுதாக எழவிடாமல் மேலே சாய்ந்தும் அழுத்துபவர்கள் முதுநிலை மாணவர்களிலும் இருப்பார்கள், அது அப்படியே ஆறு பேருக்குப் பரவும். ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் மேனிகின் இருந்தால் அதை முதுநிலை மாணவரின் பக்கம் வையுங்கள். இல்லையென்றால் நிமிடத்திற்கு 110 தட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டுவைத்தால்கூட வேகம் சீராகிவிடும். ஆழத்துக்குக் கண்ணும் அனுபவமும்தான் வழி.

இன்னொன்று, நம் பயிற்சிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது. மேனிகினைத் தரையில் போட்டு முழங்காலிட்டுக் கற்ற மாணவர், வார்டில் இடுப்புக்கு மேல் உயர்ந்த கட்டிலில், அமுங்கும் மெத்தையின்மீது படுத்திருக்கும் நோயாளியின் முன் திகைத்துப்போவார். உயரம் குறைந்தவர்களுக்குக் கால்படி ஒன்று இல்லாமல் தோள் மணிக்கட்டுக்கு நேர்மேலே வராது. ஒரு மேனிகினையாவது பழைய வார்டுக் கட்டிலில் வையுங்கள், பக்கத்தில் கால்படியையும் வையுங்கள். 150 பேருக்குக் கலையரங்கில் இதைச் சொல்லிவிடலாம்தான், ஆனால் கால்படியைத் தேடி இழுத்துப்போடும் பழக்கம் சொல்லி வராது.

கையெழுத்து

இது சட்டத்தைவிட வாசகத்தைச் சார்ந்தது. "பயிற்சியில் கலந்துகொண்டார்" என்ற சான்றிதழும் "பி.எல்.எஸ். திறன் பெற்றவர்" என்ற சான்றிதழும் வேறுவேறு. முதலாவதில் நீங்கள் கையெழுத்திடுவதில் எந்தத் தவறும் இல்லை. அவர் வந்தார், அது உண்மை. இரண்டாவதில், அவர் செய்வதை நீங்களோ உங்கள் மேற்பார்வையில் இருந்த ஒருவரோ பார்த்திருக்க வேண்டும். பார்க்காத ஒன்றுக்குச் சான்றளிக்க மறுப்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. பொய்யான, தவறான எண்ணம் தரும் சான்றிதழ்களில் கையெழுத்திடுவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தவறான நடத்தையாகவே கருதுகின்றன. அவை பெரும்பாலும் நோயாளி சார்ந்த சான்றிதழ்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், அந்த விதியை எடுத்துக்காட்டித் துறைத் தலைவரிடம் வழக்காடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

அதைவிட வலுவான ஆவணம் உங்கள் துறையிலேயே இருக்கிறது. 2019-இல் தொடங்கிய திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், மயக்கவியலுக்கான திறன் பட்டியல் பி.எல்.எஸ். படிகளை மாணவர் மாதிரிச் சூழலில் செய்து காட்ட வேண்டும் என்கிறது. அறிந்திருந்தால் போதும் என்று அது நிறுத்திக்கொள்ளவில்லை. கல்லூரி ஆய்வுக்கு வருபவர்கள் கேட்கப்போவதும் அந்தப் பதிவைத்தான். இந்தக் கோணத்தில் சொன்னால் உங்கள் கோரிக்கை துறைத் தலைவருக்கு எதிரான புகாராக இல்லாமல், அவரைப் பாதுகாக்கும் ஆவணமாக மாறும். வாய்மொழியாக வாதாடுவதைவிட, மேலே சொன்ன கணக்கையும் சான்றிதழ் வாசகத்தையும் ஒரே பக்கக் குறிப்பாக எழுதி அவரிடம் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். டீனுக்கு நேரடியாக எழுதுவது இப்போது வேண்டாம். அந்தக் கதவை ஒருமுறை திறந்தால் மூடுவது கடினம், இளம் ஆசிரியரான உங்களுக்கு அதன் விலை கூடுதல்.

அவர் முழுமையாக மறுத்துவிட்டால், அந்த ஒரு நாள் நிகழ்ச்சி நடக்கட்டும். கலந்துகொண்டதற்கான சான்றிதழ் வழங்கட்டும். திறனுக்கான கையெழுத்தை மட்டும் ஹவுஸ் சர்ஜன் பதிவேட்டில் தனி வரியாக வைத்து, ஒவ்வொருவரும் உங்கள் துறையில் போஸ்டிங் வரும்போது இரண்டு நிமிடம் அழுத்திக் காட்டிய பிறகு போடுங்கள். இதற்குக் கூடுதல் நாளும் வேண்டாம், யாருடைய அனுமதியும் பெரும்பாலும் தேவைப்படாது. கல்லூரிச் சான்றிதழில் அமெரிக்க இதயச் சங்கத்தின் பெயரோ இந்தியப் புத்துயிர்ப்புக் கவுன்சிலின் பெயரோ வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தனி எச்சரிக்கை. அவர்கள் அங்கீகரித்த வகுப்பை நடத்தினால் மட்டுமே அந்தப் பெயர்களைப் போடலாம்.

ஆறு மாதம் கழித்து

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மூவர் குழுவில் மிகச் சிறப்பாகக் கற்ற மாணவரின் திறனும் மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் கணிசமாகத் தேய்ந்துவிடுகிறது. இதயத்தை வெளியிலிருந்து அழுத்தும் முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 1960-இல் அறிவித்தபோது இரண்டு கைகள் போதும் என்றார்கள். கைகள் போதும்தான், ஆனால் அவை மறந்துவிடுகின்றன. ஆகவே உங்கள் சக்தி முழுவதையும் அந்த முதல் நாளின் குழு அளவுக்காகவே செலவழித்துவிடாதீர்கள். ஒருமுறை நீண்ட வகுப்பைவிட, குறுகிய பயிற்சியை இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பத் தருவது பலன் தருகிறது என்பதை இன்றைய வழிகாட்டுதல்களும் ஏற்கின்றன. அந்தத் திரும்பப் பயிற்சிக்குக் குழுவே வேண்டாம். ஒரு மேனிகின், ஒரு மெட்ரோனோம், பார்க்க ஒருவர், இரண்டு நிமிடம். மயக்கவியல் போஸ்டிங்கில் ஒருமுறை, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது ஒருமுறை என்று ஹவுஸ் சர்ஜன் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களில் சில முறை நடந்தால், முதல் நாளில் ஏற்பட்ட குறையில் பாதியை அதுவே ஈடுசெய்யும் என்பது என் கணிப்பு. ஐந்து மேனிகின்களில் ஒன்றைப் பூட்டிய ஸ்கில் லேபிலிருந்து எடுத்து, அவசரச் சிகிச்சைப் பிரிவின் பணியறையில் நிரந்தரமாக வைக்க அனுமதி கேளுங்கள். பூட்டின் சாவி யாரிடம் என்ற கேள்வியிலேயே நம் கல்லூரிகளில் பாதிப் பயிற்சி நின்றுவிடுகிறது.

குழுப் பட்டியல் தயாரிக்கும்போது அகரவரிசையையோ பதிவெண்ணையோ பின்பற்றாதீர்கள். முதல் போஸ்டிங் யாருக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவிலோ, பொது மருத்துவ வார்டிலோ, பிரசவ அறையிலோ விழுந்திருக்கிறதோ அவர்களை முதல் இரண்டு பிற்பகல்களில் சேருங்கள். சமூக மருத்துவத்திற்கும் கண் பிரிவுக்கும் போகிறவர்கள் மூன்றாவது வாரம்வரை காத்திருக்கலாம். போஸ்டிங் பட்டியல் டீன் அலுவலகத்தில் இருக்கும். துறைத் தலைவரைப் பார்க்கப் போவதற்கு முன் அதன் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.